கிராமக் கடையும் கணக்கறிவும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, பள்ளிக்கூடம், குடிநீர், பாசனம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பஸ் நிற்குமிடத்திலோ மந்தையின் ஓரத்திலோ உள்ள ஒரு சிறு மளிகைக் கடையும் ஊரின் நலத்தைத் தாங்கும் தூண்களுள் ஒன்று என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது திறந்திருக்கும் வரை அதன் அருமை தெரிவதில்லை. ஒரு நாள் அதன் கதவு சாத்தப்பட்டு, மறுநாளும் திறவாதிருக்கும்போதுதான் தெரிகிறது.

பத்து ரூபாய்க்கு நல்லெண்ணெய், ஐந்து ரூபாய்க்குக் கடுகு என்று அன்றன்றைக்கு வேண்டியதை வாங்கும் விவசாயத் தொழிலாளிக்குப் பெரிய அங்காடியால் பயனில்லை. நடக்க இயலாத முதியவளுக்கு நகரத்துக் கடை பக்கத்தில் இல்லை. கூலி சனிக்கிழமை வரும், அடுப்போ புதன்கிழமையும் எரிய வேண்டும் என்ற நிலையிலுள்ள குடும்பத்துக்கு மூன்று நாள் தவணை கொடுப்பவர் உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரே. ஆகவே, சிறு கடை பிழைப்பது கடைக்காரரின் சொந்தக் காரியம் மட்டுமன்று. ஊரின் காரியமும் ஆகும். அது பிழைப்பதற்கு வேண்டிய முதல் கருவி கணக்கறிவு. அதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆனையூர் கற்பிக்கும் பாடம்

மதுரைக்கு வடமேற்கிலுள்ள ஆனையூர், வயலும் கண்மாயும் சூழ்ந்த கிராமமாக இருந்தது. நகரம் வளர வளர, நிலங்கள் மனைகளாயின. கிராமம் பேரூராகி, நகராட்சியாகி, 2011-ஆம் ஆண்டில் திருப்பரங்குன்றம், அவனியாபுரம் ஆகிய நகராட்சிகளோடு சேர்த்து மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆனையூரின் வழியைப் பின்பற்றிப் பொதும்பு, அதலை, கோவில்பாப்பாகுடி, குலமங்கலம் ஆகிய சுற்றுப்புற ஊர்களின் சாலையோரங்களிலும் இன்று மனைக்கற்கள் முளைத்து வருகின்றன.

நகரம் ஊரை நோக்கி வரும்போது வாடிக்கையாளர் பெருகுவார்கள். எனவே சிறு கடை செழிக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே போட்டியும் வந்துவிடுகிறது. குளிர்பதன வசதியுள்ள பெரிய அங்காடிகள் வருகின்றன. கைபேசியில் கேட்ட பொருளை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிகள் வருகின்றன. கடை வாடகையும் ஏறுகிறது. 2016 நவம்பரில் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதெனப்பட்டபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் கைமுதல் குறைந்த கடைகளே முதலில் தடுமாறின. இத்தகைய புயல்கள் இனியும் வரலாம். வேர் உறுதியாக உள்ள மரம் நிற்கும். கடைக்கு வேர் எது? அதன் முதல்.

சிறு கடைக்காரர்களிடம் பேசும்போது, "வியாபாரம் இல்லை, அதனால் கடை நொடித்தது" என்ற சொல்லையே பெரும்பாலும் கேட்கிறோம். கணக்கைக் கிளறிப் பார்த்தால் பல இடங்களில் காண்பது வேறு. வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே முதல் சிறிது சிறிதாகக் கரைந்திருக்கிறது. அலமாரியில் சரக்குக் குறைந்த பிறகே வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள். அதாவது, காரணம் என்று நாம் எண்ணியது விளைவாக இருந்திருக்கிறது. முதல் கரைவது எவ்வாறு என்பதை இனிப் பார்ப்போம்.

முதல் வேறு, லாபம் வேறு, கூலி வேறு

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். கணவனும் மனைவியும் 60,000 ரூபாய் முதல் போட்டு ஒரு மளிகைக் கடை நடத்துகின்றனர். நாள் ஒன்றுக்கு 4,000 ரூபாய் விற்பனை. மாதத்துக்கு 1,20,000 ரூபாய். நூறு ரூபாய்க்கு விற்கும் சரக்கு சராசரியாக 88 ரூபாய்க்கு வாங்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாதக் கணக்கு இவ்வாறு அமையும்:

விற்பனை: ரூ. 1,20,000
விற்ற சரக்கின் கொள்முதல்: ரூ. 1,05,600
மொத்த லாபம்: ரூ. 14,400

செலவுகள்:
கடை வாடகை: ரூ. 2,000
மின்கட்டணம்: ரூ. 1,200
வண்டிச் சத்தம்: ரூ. 1,500
பை, நூல், சிந்துதல், கெடுதல்: ரூ. 900
தொலைபேசி: ரூ. 300
மொத்தச் செலவு: ரூ. 5,900

மிச்சம்: ரூ. 8,500

இந்த 8,500 ரூபாய், காலை ஐந்தரை மணி முதல் இரவு ஒன்பதரை மணி வரை இருவரும் மாறி மாறி நின்று உழைத்ததன் கூலி. இதற்கு மேல் அவர்கள் கடையிலிருந்து எடுக்கக்கூடியது எதுவுமில்லை. ஆனால் நடப்பது என்ன? கல்லாவில் நாள்தோறும் 4,000 ரூபாய் புரளுகிறது. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு, மொய்க்கு, மருந்துக்கு என்று அதிலிருந்து எடுக்கப்படுகிறது. மாதத்தில் அது 5,500 ரூபாய். "நாம் 8,500 சம்பாதித்து 5,500-தான் செலவழித்தோம்" என்று அவர்கள் மகிழக்கூடும். ஆனால் வீட்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு அனைத்தும் கடையிலிருந்தே போகின்றன. அவற்றின் கொள்முதல் விலை 4,000 ரூபாய். அதை எவரும் எழுதுவதில்லை. நம் கடைச் சரக்கை நாம் எடுப்பதற்குக் கணக்கு எதற்கு என்ற எண்ணம்.

இரண்டையும் கூட்டினால் 9,500 ரூபாய். சம்பாதித்ததைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது? முதலிலிருந்து வந்தது. ஓராண்டில் 12,000 ரூபாய், அதாவது போட்ட முதலில் ஐந்தில் ஒரு பங்கு, எவருடைய கண்ணிலும் படாமல் கரைந்துவிடும். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் உழவனை ஊர் கண்டிக்கும். கடைக்காரர் தம் விதைநெல்லை நாள்தோறும் ஒரு பிடி குத்துகிறார். அவருக்கே அது தெரிவதில்லை.

இதற்கு மருந்து ஒன்றே. வீட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு பொருளையும், ஒவ்வொரு ரூபாயையும் எழுதவேண்டும். கடைக்காரர் தம்மையே தம் கடையின் வாடிக்கையாளராகக் கருதவேண்டும். "எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்று நம் பெரியோர் சொல்லிவைத்தது வீணன்று.

மூன்று நோட்டுகளும் ஒரு மாத முடிவும்

சிறு கடைக்குப் பெரிய பேரேடுகள் தேவையில்லை. மூன்று நோட்டுகள் போதும்.

முதலாவது, நாள் கணக்கு நோட்டு. காலையில் கல்லாவில் இருந்த தொகை, அன்றைய ரொக்க விற்பனை, கைபேசி வழியாக வந்த தொகை, சரக்குக்குக் கொடுத்தது, செலவு, இரவில் இருப்பு ஆகியவற்றை எழுத ஒரு நாளுக்குப் பத்து வரி ஆகும்.

இரண்டாவது, வீட்டு நோட்டு. வீட்டுக்குச் சென்ற சரக்கும் பணமும் இதில் எழுதப்படும். பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். பிள்ளைக்கும் கணக்கு வரும்.

மூன்றாவது, கடன் நோட்டு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தேதி, பொருள், தொகை, திரும்ப வந்தது, பாக்கி என்று ஐந்து பத்திகள். எழுதும்போதே வாடிக்கையாளருக்குக் காட்டி எழுதுவது வீண் சச்சரவைத் தவிர்க்கும்.

மாதத்தின் கடைசி நாள் இரவு, கடையைச் சாத்திய பின், ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சரக்கை எண்ணிக் கொள்முதல் விலையில் மதிப்பிடவேண்டும். பிறகு பின்வருமாறு கூட்டிக் கழிக்கவேண்டும்:

சரக்கு இருப்பு: ரூ. 42,000
கையிருப்பு: ரூ. 3,000
வங்கி இருப்பு: ரூ. 6,000
வரவேண்டிய கடன்: ரூ. 14,000
கூடுதல்: ரூ. 65,000
மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவேண்டியது: ரூ. 9,000
நிகர முதல்: ரூ. 56,000

மேலே சொன்ன கடை, 60,000 ரூபாயில் தொடங்கி மாதம் ஆயிரம் ரூபாய் இழந்துவருவதாயின், நான்காம் மாத முடிவில் இந்த 56,000 ரூபாய்தான் நிற்கும். கடை வெளிப்பார்வைக்கு முன்போலவே இருக்கும். விற்பனை குறைந்திராது. ஆனால் கணக்கு உண்மையைச் சொல்லிவிடும். நான்காம் மாதத்திலேயே உண்மை தெரிந்தால் செலவைக் குறைக்கலாம், அல்லது விற்பனையைப் பெருக்க வழி தேடலாம். நான்காம் ஆண்டில் தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமிராது.

ஒரு குறிப்பு: மூன்று மாதத்துக்கு மேல் ஒரு காசும் திரும்பாத கடனை "வரவேண்டியது" என்ற கணக்கில் சேர்க்கக்கூடாது. வந்தால் வரவு வைத்துக்கொள்ளலாம்.

கடன் விற்பனை: ஒழிக்கவும் வேண்டா, ஓடவிடவும் வேண்டா

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற பலகை மாட்டாத கடை நம் பக்கத்தில் அரிது. அந்தப் பலகைக்குக் கீழேயே கடன் நோட்டும் தொங்கும்! இதில் நகைப்பதற்கு எதுவுமில்லை. பெரிய அங்காடி செய்யாத உதவியைச் சிறு கடை செய்கிறது. அந்த உதவியினாலேயே வாடிக்கையாளர் அதனிடம் வருகிறார்கள். ஆகவே கடனை அறவே ஒழித்துவிடுங்கள் என்று கூறுவது கிராமத்தை அறியாதவர் கூற்றாகும்.

ஆயினும் கடனின் விலையைக் கடைக்காரர் அறிந்திருக்கவேண்டும். ஒருவர் 3,000 ரூபாய்ச் சரக்குக் கடனாகப் பெற்று, ஊரைவிட்டே போய்விட்டார் என்று கொள்வோம். அந்தச் சரக்கின் கொள்முதல் 2,640 ரூபாய். அந்த நட்டத்தை ஈடுசெய்ய இன்னும் எவ்வளவு விற்கவேண்டும்? நூற்றுக்குப் பன்னிரண்டு மிஞ்சும் வியாபாரத்தில் 22,000 ரூபாய்க்கு விற்கவேண்டும். அதாவது, நம் எடுத்துக்காட்டுக் கடையில் ஐந்தரை நாள் விற்பனை முழுவதும், செலவு ஒன்றும் இல்லாவிட்டாலுங்கூட, அந்த ஒருவருக்காகவே நடந்ததாகும்.

வராத கடன் மட்டுமன்று, தாமதமாக வரும் கடனும் கெடுதல் செய்யும். 60,000 ரூபாய் முதலில் 25,000 ரூபாய் ஊரார் வீடுகளில் தங்கிவிட்டால், அலமாரியில் நிற்பது 35,000 ரூபாய்ச் சரக்கே. "பாசிப்பருப்பு இல்லை, நாளை வரும்" என்று இரண்டு முறை சொன்னால், மூன்றாம் முறை வாடிக்கையாளர் கேட்கமாட்டார். கடன் வாங்கியவர்கள் பாக்கியைச் சொல்லிக் கேட்பார்களோ என்று அஞ்சி, கையில் ரொக்கம் இருக்கும்போது அடுத்த கடைக்குப் போவதும் உண்டு. இவ்வாறு கடன் சரக்கையும் தின்று, வாடிக்கையாளரையும் ஓட்டிவிடுகிறது.

ஆகவே மூன்று வரம்புகளை மேற்கொள்ளலாம். ஒன்று, வெளியே நிற்கும் மொத்தக் கடன் நிகர முதலில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. மேலே காட்டிய கணக்கில் 14,000 ரூபாய் என்பது இந்த வரம்புக்கு மேற்பட்டதே. இரண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரம்பு வேண்டும். கூலி வீட்டுக்கு ஒரு வார வாங்குதலும், மாதச் சம்பள வீட்டுக்கு ஒரு மாத வாங்குதலும் போதும். மூன்று, பழைய பாக்கியில் ஒரு பகுதியாவது வந்த பிறகே புதிய கடன்.

விவசாயிகளுக்கு இங்கு ஒரு வார்த்தை. அறுவடை வரை பாக்கி வைப்பது நம் வழக்கம். அறுவடைப் பணம் கைக்கு வந்தவுடன் முதலில் யார் பாக்கியைத் தீர்க்கிறோம்? வட்டி ஏறுமே என்று வெளியார் கடனை முதலில் தீர்க்கிறோம். வட்டி கேளாத கடைக்காரரை நிறுத்திவைக்கிறோம். வட்டி கேளாதவருக்கு நட்டமில்லை என்பது பொருளன்று. அந்த நட்டத்தைத் தாங்கமுடியாமல் அவர் கடையைச் சாத்தினால், அடுத்த பருவத்தில் நமக்குத் தவணை கொடுப்பார் இல்லை.

தண்டலின் உண்மை விலை

முதல் குறைந்த கடைக்காரர் தேடிப் போவது தண்டல்காரரை. போகவேண்டியதுகூட இல்லை, அவரே கடை வாசலுக்கு வருகிறார். கையில் 8,500 ரூபாய் கொடுப்பார். நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் 10,000 ரூபாய் வாங்கிக்கொள்வார். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு பிடித்தம், நூற்றுக்குப் பதினைந்துதானே" என்று கடைக்காரர் எண்ணுகிறார். இந்த எண்ணத்தில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதற்பிழை, காலத்தை மறந்தது. பதினைந்து என்பது ஓராண்டுக்கு அன்று, நூறு நாளைக்கு. இரண்டாம் பிழை, அசல் நாள்தோறும் குறைவதை மறந்தது. முதல் நாள் கையில் 8,500 ரூபாய் இருந்தது உண்மை. ஐம்பதாம் நாளில் அதில் ஏறத்தாழப் பாதி திரும்பிவிட்டது. நூறு நாளுக்குச் சராசரியாக அவர் கையில் நின்ற பிறர் பணம் 4,300 ரூபாய் அளவே. அதற்கு 1,500 ரூபாய் வட்டி. முறையாகக் கணக்கிட்டால், இது ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 120 வட்டியாகும். அதே 8,500 ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் பெற்று, அதே நூறு நாளில் சிறுகச் சிறுகத் திருப்பினால் வட்டி 140 ரூபாய் அளவே ஆகும். 1,500 எங்கே, 140 எங்கே!

நம் எடுத்துக்காட்டுக் கடையில் நாளொன்றுக்கு எல்லாச் செலவும் போக மிஞ்சுவது ஏறத்தாழ 283 ரூபாய். அதில் நூறு ரூபாய், அசலும் வட்டியுமாகத் தண்டலுக்குப் போய்விட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. குடும்பம் எஞ்சியதில் வாழ முடியாது. மீண்டும் முதலிலிருந்தே எடுக்கும். முதல் குறையும், இன்னொரு தண்டல் வாங்க நேரும். இந்தச் சுழலில் விழுந்தவர் எழுவது கடினம்.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை என்பதையும் எல்லோரும் அறிந்திருக்கவேண்டும். அதிக வட்டி வசூலித்தலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், தின வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் குறிப்பிட்டே தடைசெய்கிறது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் சட்டம் வாசலில் காவல் நிற்கமுடியாது. மாற்று வழி அருகில் இருந்தால்தான் மக்கள் தண்டலை நாடாதிருப்பர்.

மாற்று வழிகள் உள்ளன. 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில், சிசு என்ற முதற்பிரிவின்கீழ் 50,000 ரூபாய் வரை, ஈடு எதுவுமின்றி, வங்கிகள் கடன் வழங்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் நகை ஈட்டின் பேரில் கடன் தருகின்றன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தம் சேமிப்பிலிருந்தும் வங்கிக் கடனிலிருந்தும் உறுப்பினருக்கு உதவுகின்றன. வங்கிக்குச் செல்லும்போது மூன்று நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஆறு மாதக் கணக்கை ஒழுங்காகக் காட்டும் கடைக்காரரின் சொல்லுக்கு வங்கியில் தனி மதிப்பு உண்டு.

எந்தச் சரக்கு சம்பாதிக்கிறது?

லாப விகிதம் அதிகமான சரக்கே நல்ல சரக்கு என்று எண்ணுவது மற்றொரு பொதுவான தவறு. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சரக்கை வாங்கி, நூற்றுக்கு இருபது லாபம் வைத்து விற்பதாகவும், அது விற்றுத் தீர நான்கு மாதம் ஆவதாகவும் கொள்வோம். லாபம் 200 ரூபாய்; மாதத்துக்கு 50 ரூபாய். அதே ஆயிரம் ரூபாய்க்கு நூற்றுக்கு நான்கே லாபம் தரும் சரக்கை வாங்கி, அது ஐந்து நாளில் தீர்ந்து, மீண்டும் வாங்கப்படுகிறது. மாதத்தில் ஆறு சுற்று. சுற்றுக்கு 40 ரூபாய். மொத்தம் 240 ரூபாய். எது நல்ல சரக்கு?

ஆகவே தூசி படிந்த சரக்கு உறங்கும் பணம் என்பதை உணரவேண்டும். விற்பனைப் பிரதிநிதி பரிசுப் பொருள் காட்டினார் என்பதற்காக மூன்று மாதச் சரக்கை வாங்கி அடுக்குவது சிறு கடைக்கு ஆகாது. மாத இறுதியில் சரக்கு எண்ணும்போது, அந்த மாதத்தில் அசையாத பொருள்களைத் தனியே குறித்து, விலை குறைத்தாவது தள்ளிவிட்டு, அந்தப் பணத்தை ஓடும் சரக்கில் போடுவதே அறிவுடைமை.

கொள்முதலிலும் சிக்கனம் காணலாம். சுற்றுப்புற ஊர்க் கடைக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே மதுரைக் கீழமாசி வீதிக்குச் சென்று, தனித்தனியே வண்டிச் சத்தம் கொடுத்துச் சரக்குக் கொண்டுவருகின்றனர். ஐந்து கடைக்காரர் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினால் சத்தம் குறையும். மூட்டைக் கணக்கில் சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும். பெரிய அங்காடியின் பலம் மொத்தமாக வாங்குவதில்தான் இருக்கிறது. சேர்ந்து வாங்குவதால் அப்பலத்தில் ஒரு பகுதி சிறு கடைக்கும் கிட்டும்.

சேர்ந்து நின்றவர் வரலாறு

சேர்ந்து நிற்பது புதிய உபதேசமன்று. நம் தென்மாவட்டங்களில் வணிகர்கள் தம் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்ற பெயரில் பொது நிதிக்கு அளித்துவந்தனர். விருதுநகரில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்தப்பட்டது. இவ்வாறு சிறுகச் சேர்க்கும் பழக்கத்திலே தேர்ந்த வணிகர்களின் முயற்சியால் 1921-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றம் பெற்று, இன்றும் இயங்கிவருகிறது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், 1844-ஆம் ஆண்டு, எளிய தொழிலாளர் 28 பேர் சிறு தொகைகளைச் சேர்த்து ஒரு கடை தொடங்கினர். வெண்ணெய், சர்க்கரை, மாவு போன்ற சில பொருள்களே முதலில் அங்கிருந்தன. கலப்படமின்மை, சரியான எடை, ரொக்க விற்பனை, வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தில் பங்கு என்பவை அவர்கள் விதிகள். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அச்சிறு கடையே வழிகாட்டியாயிற்று. 1904-இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அவ்வழியில் வந்ததே. இன்றும் இங்கிலாந்தில், ஊரின் கடைசிக் கடை மூடப்படும் நிலை வரும்போது, ஊரார் பங்கு போட்டு அதனை ஏற்று நடத்தும் வழக்கம் இருந்துவருகிறது.

இவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. மதுரையில் 1990-இல் தொடங்கிய களஞ்சியம் இயக்கம், எழுதப் படிக்கத் தெரியாத கூலிப் பெண்களைச் சேமிக்கவும், தம்முள் கடன் கொடுத்து வாங்கவும், கணக்கைக் கூட்டத்தில் கேட்டு அறியவும் பழக்கியது. அவ்வியக்கத்தின் தலைவியாக விளங்கிய சின்னப்பிள்ளை, அழகர்கோவில் பக்கத்துப் புல்லுசேரியைச் சேர்ந்தவர். அவருக்கு இந்திய அரசின் ஸ்திரீ சக்தி விருதும், 2019-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பெற்றன. கணக்கறிவுக்குப் பள்ளிப் படிப்பு துணை செய்யும். ஆனால் பள்ளிப் படிப்பு இல்லாமையே ஒரு தடையாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

கைபேசிப் பணமும் காப்பும்

இன்று கிராமக் கடையிலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. 2016-இல் வந்த யூ.பி.ஐ. முறை, சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்த்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேரே வரும் தொகைக்குச் சிறு வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மாத வாடகை உண்டா என்பதைக் கேட்டறிந்து வாங்கவேண்டும். இம்முறையில் விற்பனைக்குத் தானாகவே ஒரு பதிவு கிடைக்கிறது.

இந்தப் பதிவைக் கண்டு சிலர் அஞ்சுகின்றனர். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூ.பி.ஐ. வரவை அடிப்படையாகக் கொண்டு சிறு வணிகர்களுக்கு வரி நோட்டீசுகள் அனுப்பப்பட்டபோது, பெங்களூருவில் பல கடைகள் அந்த அட்டைகளையே அகற்றிவிட்டன. அச்சத்துக்குப் பதில் அறிவு வேண்டும். பொருள் விற்போர் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றால்தான் தமிழ்நாட்டில் பொதுவாகச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு தேவைப்படும். நம் எடுத்துக்காட்டுக் கடையின் ஆண்டு விற்பனை 14,40,000 ரூபாயே. சொந்தக் கைமாற்றும் கடை விற்பனையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால்தான் விளக்கம் சொல்வது கடினமாகும். ஆகவே கடைக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது நலம்.

மோசடிக்காரர்களிடம் விழிப்பாக இருக்கவேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் பதியத் தேவையே இல்லை. பதியச் சொல்பவர் பணம் எடுப்பவரே. திரையில் காட்டப்படும் படத்தை நம்பாமல், தம் கணக்கில் வரவு வந்ததை உறுதி செய்தபின் பொருளைக் கொடுக்கவேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கவேண்டும்.

ஒரு நோய் வந்தால் கடையின் முதல் முழுவதும் மருத்துவமனைக்குப் போய்விடும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பீடு வங்கி வழியாகக் கிடைக்கிறது. இவற்றைச் செலவென்று எண்ணாமல், முதலுக்கு இட்ட வேலியென்று எண்ணவேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. கிராம சபை நாளில் வங்கி அலுவலரை அழைத்துக் கணக்கறிவு பற்றி அரை மணி நேரம் பேசச் செய்யலாம். உள்ளூர்க் கடைக்காரர்களையும் மகளிர் குழுக்களையும் ஒன்றுகூட்டிக் கூட்டுக் கொள்முதலுக்கு வழி காணலாம். முத்ராக் கடன் வேண்டுவோர் பட்டியலைத் தயாரித்து, வங்கியுடன் பேசி உதவலாம். எடைக்கருவிகளுக்கு உரிய காலத்தில் முத்திரை பெறவும், உணவுப் பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெறவும் நினைவூட்டலாம். சரியான எடையும் காலாவதியாகாத சரக்கும் கடையின் மதிப்பை உயர்த்துபவை.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லவேண்டும். கூட்டங்களுக்கு வாங்கிய தேநீருக்கும் சிற்றுண்டிக்கும், விழாவுக்கு வாங்கிய பொருள்களுக்கும் உள்ளூர்க் கடையில் பாக்கி வைக்கும் பழக்கம் பொது நிறுவனங்களுக்கு ஏற்படலாகாது. சிறு கடைக்கு ஆயிரம் ரூபாய் என்பது இரண்டு மூட்டைச் சரக்கின் லாபமாகும். உடனுக்குடன் பட்டுவாடா செய்வதும் கிராம அபிவிருத்தியே.

கூட்டத்தில் கலந்துரையாட வினாக்கள்

1. நம் ஊரில் ஐந்தாண்டுகளுக்கு முன் எத்தனை மளிகைக் கடைகள் இருந்தன? இன்று எத்தனை? மூடப்பட்டவை எதனால் மூடப்பட்டன?
2. நூறு நாள் தண்டலின் வட்டியை ஆண்டு வட்டியாகக் கணக்கிட நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்?
3. அறுவடைக்குப் பின் கடைப் பாக்கியைத் தீர்ப்பதற்கு ஊர் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு தேதி வைக்கலாமா?
4. சுற்றியுள்ள ஊர்க் கடைக்காரர் எத்தனை பேர் ஒரே வண்டியில் சரக்கு ஏற்ற முன்வருவர்?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நாம் வாயால் சொல்லிப் பழகிய மொழி. அதைக் கையால் எழுதிப் பழகவேண்டிய காலம் இது. நகரம் நம் ஊர்களை நோக்கி வருவதை எவராலும் நிறுத்த இயலாது. ஆனால் அது வந்து சேரும்போது, நம் ஊர்க் கடைக்காரர் தம் முதலை அறிந்தவராய், தம் கடனை அளந்தவராய், தம் அயலாரோடு சேர்ந்து நிற்பவராய் இருப்பாராயின், அவர் கடை நிலைக்கும். அடுத்த மாதத்தின் முதல் நாளன்று ஒவ்வொரு கடைக்காரரும் மூன்று நோட்டுகள் வாங்கட்டும். ஒவ்வொரு பஞ்சாயத்து உறுப்பினரும் தம் வார்டில் ஒரு கடைக்காரரையேனும் அவற்றை எழுதத் தொடங்கச் செய்யட்டும்.